சூலத்தில் மிஞ்சிய நூல்

நெடுவாக்குளத்தில் அம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால், அந்த மண்ணில் பிறந்தவர் யாரும் எட்டு நாளைக்கு எல்லைக்கல்லைத் தாண்ட முடியாது. தாண்டக் கூடாது என்று சொல்கிற ஊர் இந்தச் சீமையில் நூறு உண்டு. மீறினால் சாமிக்குத்தம் என்பார்கள், மீறுகிறவன் மீறிக்கொண்டுதான் இருப்பான். நெடுவாக்குளத்தில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. பங்குனி மாதம் இரண்டாம் செவ்வாய்க்கிழமை வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து, தங்கள் வீட்டில் அந்த மண்ணில் பிறந்த உயிர் எத்தனையோ அத்தனை மஞ்சள் நூலை, கோயில் முன்னால் நிற்கும் இரும்புச் சூலத்தில் பேர் சொல்லிப் பேர் சொல்லிக் கட்டுவார்கள். கட்டி முடித்த நிமிடத்திலிருந்து உள்ளூர்க்காரன் நடந்து போனாலும் சரி, சைக்கிளில் போனாலும் சரி, பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடி உட்கார்ந்து போனாலும் சரி, கல் வரைக்கும்தான் போவான். பஸ் போய்விடும். அவன் மட்டும் கல்லுக்கு இந்தப் பக்கம், எந்த வாக்கில் உட்கார்ந்திருந்தானோ அதே வாக்கில், தார்ரோட்டில் உட்கார்ந்திருப்பான். எட்டாம் நாள் சாயங்காலம் கட்டின கையே வந்து நூலை அவிழ்க்கும், அதன்பிறகு பழையபடி போகலாம் வரலாம்.

இதில் ஊருக்கு ஆச்சரியம் ஒன்றும் கிடையாது. கல்யாணம், பரீட்சை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் அந்த எட்டு நாளுக்கு முன்னாலேயோ பின்னாலேயோ தள்ளி வைத்துக்கொள்வார்கள். வாக்கப்பட்டு வந்த மருமக்களை நூல் கட்டாது என்பதால் அந்த வாரம் சந்தைக்குப் போகிற வேலை அவர்கள் தலையில் விழும், உள்ளூரில் பிறந்த மாமியார்கள் வீட்டில் உட்கார்ந்து குறை சொல்வார்கள். கண்டக்டர் “உள்ளூரா வெளியூரா?” என்று கேட்டுவிட்டுத்தான் டிக்கெட் கிழிப்பார். ஒரு தேர்தல் சமயத்தில் ‘நானும் இந்த மண்ணின் மைந்தன்தான்’ என்று திருவிழா மேடையில் தொண்டை கிழிய முழங்கிய வேட்பாளர், பேசி முடித்து ஜீப்பில் ஏறிக் கல்லை ஜம்மென்று தாண்டிப் போய்விட்டார். அந்தத் தேர்தலில் அவருக்கு நெடுவாக்குளத்தில் ஒரு ஓட்டுக்கூட விழவில்லை.

உலகம்மாள் அந்த ஊருக்கு வந்தது ஏழாம் திருநாள் கச்சேரிக்கு. நாட்டுப்புறப் பாட்டுக்காரி. வயது நாற்பத்திரண்டு. ஆலங்குளத்தில் அம்மா செல்லம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருக்க, அய்யா சுடலைமுத்து சைக்கிளில் அலுமினியப் பாத்திரம் விற்க, பீடித்தட்டை மடியில் வைத்துக்கொண்டு பெண்கள் பாடுகிற பாட்டையெல்லாம் இலை நறுக்குகிற வயதிலேயே பிடித்துக்கொண்டு, பின்னால் மேடையேறி, மைக் அணைந்துபோனாலும் மூன்றாவது தெருவுக்குக் கேட்கிற தொண்டையோடு இருபது வருசமாகத் தெற்குச் சீமை முழுக்கப் பாடியவள். வளர்த்த இருவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், புருசனும் போய்விட்டான். மிச்சம் ஒரே மகள் மதிவதனி, சங்கரன்கோவிலில் இருக்கிறாள், அப்போது மூன்று மாதம் முழுகாமல் இருந்தாள், மருமகனுக்குத் திருப்பூரில் வேலை, மாமியார் இல்லாத வீடு. எத்தனையோ ஊரில் பாடிய உலகம்மாள் நெடுவாக்குளத்துக்கு மட்டும் அதுவரை வந்ததில்லை. செல்லம்மாள் உயிரோடு இருந்த வரைக்கும் அந்த ஊர்ப் பேர் வந்தால் தலைவலி, காய்ச்சல், ஏதாவது ஒரு சாக்கு சொல்லித் தடுத்துவிடுவாள்.

கச்சேரி முடிந்து தூங்கி எழுந்து எட்டாம் நாள் காலையில் வேனில் ஏறினார்கள். வேன் கல்லைத் தாண்டியது, உலகம்மாள் தாண்டவில்லை. கைப்பை மடியில் இருக்க, ஒரு கை, அங்கே இல்லாத ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி இருக்க, ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். பம்பை அடிக்கிற மாசானம்தான் செட்டுக்குத் தலைவன், வேனை நிறுத்தி ஓடி வந்தான்.

“என்னக்கா, சொல்லிட்டு எறங்கக் கூடாதா?”

“நான் எங்கல எறங்குனேன்?”

திரும்ப ஏறினாள், திரும்ப ரோட்டில் இருந்தாள். நடந்து பார்த்தாள். மாசானம் அவள் கையைக் கெட்டியாகப் பிடித்து இழுத்துக்கொண்டு கல்லைத் தாண்டினான். தாண்டின பிறகு அவன் கையில் அவள் கை இல்லை. எல்லைக்கல்லிலிருந்து இருபதடி உள்ளேதான் அம்மன் கோயில். அங்கே பொங்கல் வைத்துக்கொண்டிருந்த பெண்கள் அகப்பையும் கையுமாக இதைப் பார்த்தார்கள். ஒருத்தி சொன்னாள், “ஏ, இது நம்ம ஊர்ப் பிள்ளைல்லா!” உடனே அத்தனை பேரும் குலவையிட்டார்கள்.

“நான் ஆலங்குளம்,” என்றாள் உலகம்மாள். “எங்கம்மா செல்லம்மா. எங்கய்யா சட்டி விக்கிற சுடலைமுத்து.”

“அவுக வளத்தவுக தாயி,” என்றாள் அந்தப் பெண், குழந்தைக்குச் சொல்வதுபோல. “மனுசன் பொய் சொல்லுவான். அம்மன் சொல்லுவாளா?”

அப்படித்தான் உலகம்மாளுக்குத் தெரிந்தது. எந்தக் கடிதமும் இல்லை, சாகக்கிடந்தவர் யாரும் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவில்லை. பொங்கல் பானை பொங்கி வழிகிற நேரத்தில், முன்பின் தெரியாதவர்கள் குலவையிட்டுச் சொன்னார்கள். செல்லம்மாளின் தலைவலிக்கும் காய்ச்சலுக்கும் காரணம் புரிந்தது. யாரும் பார்க்காத மாதிரி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள், எல்லாரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் பெண்கள் வரிசையாக வந்து நூல்களை அவிழ்த்தார்கள். அவிழ்க்க அவிழ்க்க ஊர்க்காரர்கள் சும்மாவாவது கல்லைத் தாண்டிப் போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தார்கள், அது ஒரு வழக்கம். உலகம்மாளும் போனாள், ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். சூலத்தில் ஒரே ஒரு நூல் மிஞ்சியிருந்தது. மஞ்சள் போய், வெள்ளையும் போய், துருவோடு துருவாக நிறம் மாறிய நூல்.

“அது ரொம்ப வருசமாக் கெடக்கும்மா,” என்றார் பூசாரி சங்கிலி. “நாங்க அத எண்ணுறதே இல்ல.”

“யார் கட்டுனது?”

பூசாரி மேகத்தைப் பார்த்தார். மழை வருமா என்று யாரிடமோ கேட்டார்.

உலகம்மாள் அதைப் பிய்த்துப் பார்த்தாள், நகம் பிய்ந்தது. கத்தியால் அறுத்தாள், கத்தி மழுங்கியது. தீக்குச்சி வைத்தாள், குச்சி எரிந்து தீர்ந்தது. ஊர்க்காரர்கள் மரியாதையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். “கட்டுன கைதாம்மா அவுக்கணும்,” என்று மட்டும் சொன்னார்கள். மாசானமும் செட்டும் அடுத்த கச்சேரிக்கு நேரமாகிவிட்டது என்று, போக மனமில்லாமல் போனார்கள்.

மறுநாள் ஊர்த்தலைவர் வைகுண்டம் கூட்டம் போட்டார். உலகம்மாள் எப்படி வெளியே போவாள் என்பதைப் பற்றிய கூட்டம் என்றுதான் அவள் நினைத்துப் போய் நின்றாள். பேசப்பட்டது அவளை என்ன முறை சொல்லிக் கூப்பிடுவது என்பதைப் பற்றி. ஊர் என்றால் முறை வேண்டும். எதிரே வருகிறவள் தங்கச்சியா கொழுந்தியாளா என்று தெரியாமல் ஒரு ஆம்பிளை அந்தத் தெருவில் எப்படி நடப்பான்? அவள் யார் மகள் என்று தெரிந்தால் ஒரு நிமிட வேலை. அதைச் சொல்லத்தான் அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் வைகுண்டம் தொண்டையைச் செருமி, பெரியவர்களுக்கெல்லாம் தங்கச்சி, சின்னவர்களுக்கெல்லாம் அக்கா, இதில் வில்லங்கம் இல்லை என்று தீர்மானம் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

“அண்ணாச்சி, என்னப் பெத்தவ யாருன்னு சொல்லுங்க. அது போதும்,” என்றாள் உலகம்மாள்.

“ஊருக்கே புள்ளம்மா நீ,” என்றார் வைகுண்டம். பெரிய மனிதர்கள் பதில் சொல்ல விரும்பாதபோது இப்படித்தான் தாராளமாகிவிடுவார்கள்.

பால் சொசைட்டிக் கட்டடத்தில் ஒரு அறையை வெள்ளையடித்துக் கொடுத்தார்கள். பாய், மண்ணெண்ணெய் அடுப்பு, ஒரு நாற்காலி வந்தது. ரேஷன் கடையில் பேர் எழுதினார்கள், தகப்பன் பெயர் என்ற இடத்தில் கடைக்காரர் ஒரு கோடு போட்டார். முதல் மாதம் அவள் வீடு வீடாகப் போய் நின்று கேட்டாள்: “ஏத்தா, நாப்பத்திரெண்டு வருசத்துக்கு முன்னால இந்த ஊர்ல ஒரு பொம்பளப் புள்ள பொறந்து காணாமப் போச்சே, யாரு பெத்தது?” காபி கொடுத்தார்கள். பூ வைத்துவிட்டார்கள். பேன் இருக்கிறதா என்று தலையைப் பார்த்துவிட்டார்கள். கேள்வி மட்டும் அவர்கள் காதில் விழவே இல்லை. அறுபது வீட்டில் காபி குடித்து அவளுக்கு வயிறு எரிந்ததுதான் மிச்சம்.

இரண்டாம் மாதம் ஒரு காதுகுத்தில் பாடச் சொன்னார்கள். சும்மா இருக்கப் பைத்தியம் பிடித்ததால் பாடினாள். பிறகு சடங்கு வீடு, கல்யாண வீடு, எழவு வீடு. குளத்தில் தண்ணீர் திறந்தால் பாட்டு, பள்ளிக்கூடத்தில் கொடி ஏற்றினால் பாட்டு. மாசானம் வாரா வாரம் செட்டோடு வந்தான், வெளியூர்க்காரர்கள் அவள் பாட்டைக் கேட்க வேன் பிடித்து வந்தார்கள், நெடுவாக்குளம் என்றால் “அந்தப் பாட்டுக்காரி மாட்டிக்கிட்ட ஊரா?” என்று பஸ் ஸ்டாண்டில் விசாரித்தார்கள். ஊருக்கு அதில் பெருமை வந்தது. பெருமை வந்ததும் பேச்சு மாறியது. யாராவது வீட்டில் விசேசம் என்றால், ஊர்ப் பொதுச் சாமான்களில் அண்டா இருக்கா, பந்தக்கால் இருக்கா, ஜெனரேட்டர் இருக்கா, உலகம்மா இருக்கா என்று அதே மூச்சில் கேட்டார்கள். அவள் போய்விட்டால் என்ன செய்வது என்ற கவலைகூட வந்துவிட்டது. தெரிந்த உண்மையைச் சொல்லாமல் இருக்க முன்பு வெட்கம் காரணமாக இருந்தது. இப்போது ஆசையும் சேர்ந்துகொண்டது.

தினமும் உச்சிப்பொழுதில் ஒரு தூக்குச்சட்டி வரும். கொண்டுவருகிறவள் பேராச்சி, வைகுண்டத்தின் அக்கா, அறுபதைத் தாண்டியவள், கல்யாணம் ஆகாதவள், தம்பி வீட்டு அடுப்படியிலேயே ஆயுசைக் கழித்தவள். சட்டியை வாசலில் வைப்பாள், நேற்றைய சட்டியை எடுத்துக்கொள்வாள், ஒரு வார்த்தை பேசாமல் போவாள். பாவம் ஊமை என்று உலகம்மாள் முதலில் நினைத்தாள். குழம்பில் மட்டும் யாரோ அவளுடைய நாக்கைக் கேட்டு வைத்த மாதிரி புளி இருக்கும்.

ஆடி மாதம் மதிவதனிக்கு வளைகாப்பு நடந்தது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வளையல் போட்டார்கள். உலகம்மாள் அதைப் போனில் பார்த்தாள். மகள் நிமிர்ந்து போனைப் பார்த்தபோது படம் உறைந்துபோய், கன்னத்துச் சந்தனத்தோடு அப்படியே நின்றது, டவர் இல்லை. உலகம்மாள் போனைத் தூக்கிக்கொண்டு எல்லைக்கல் வரை ஓடினாள், கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு கோடு அதிகம் கிடைக்கும் என்று எல்லாரும் சொல்வார்கள். கையை நீட்டினாள், கையும் கல்லைத் தாண்டவில்லை. அன்றைக்குத்தான் அவளுக்கு முதல்முறையாக, இனி இந்த ஊரிலேயே செத்துவிடுவோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. ரோட்டோரம் உட்கார்ந்து அந்த அம்மனை வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினாள்.

உண்மை வெளியே வந்தது ஆவணியில், ஒரு டிராக்டரால். வைகுண்டத்தின் ஒரே மகன் துரைப்பாண்டி வைக்கோல் ஏற்றிய டிராக்டரைப் பின்னால் எடுத்துக்கொண்டு வந்தான். உலகம்மாள் குடிதண்ணீர்க் குழாயில் குனிந்து நின்றாள். அவன் கடைசி நொடியில்தான் பார்த்தான். “மைனி! ஒதுங்குங்க மைனி!” என்று கத்தினான்.

அவள் ஒதுங்கினாள். வண்டி நின்றது. துரைப்பாண்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, “அக்கா” என்றான். அவன் வண்டியை எடுத்துப் போன வேகத்தில் ரோடெல்லாம் வைக்கோல்.

கூட்டம் போட்டுக் கட்டிய முறை ஆபத்தில் அவிழ்ந்துவிட்டது. உலகம்மாள் நிரம்பிய குடத்துக்குப் பக்கத்தில் நின்று விரல் விட்டாள். மைனி என்றால் அண்ணன் பெண்டாட்டி. துரைப்பாண்டிக்கு அண்ணன் இல்லை. மைனி என்றால் தாய்மாமன் மகள். அவன் தாய் வெளியூரிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள், அவள் பிறந்தவீட்டுப் பிள்ளையை இந்த மண் பிடித்துவைக்காது. மிச்சம் அத்தை மகள். அவனுக்கு அத்தை ஒருத்திதான். குடத்தை அப்படியே விட்டுவிட்டு நடந்தாள்.

பேராச்சி அடுப்படியில் அருவாமனையில் உட்கார்ந்து வாழைக்காய் சீவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்ததுமே தெரிந்துகொண்டாள்.

“நூலக் கட்டுனது நீங்களா?”

“ஆமா.”

ஊமை இல்லை. ஐந்து மாதம் அடைத்து வைத்திருந்த பேச்சு அது, மெதுவாகத்தான் வந்தது. திருவிழாவுக்கு வில்லுப்பாட்டு வந்தது, அதில் குடம் அடிக்கிறவர் ராசகோவால். குடத்தில் தட்டும்போது தானும் கூடவே பாடுவார். வெளியூர்க்காரர், நூல் இல்லாதவர், எட்டாம் நாள் போனார். மறுவருசம் வேறு செட்டு வந்தது. “நீ வயித்துல வந்தது அவருக்குத் தெரியாது. நீ அடி எடுக்கதுக்கு முன்னால மூச்ச இழுக்கியே, அது அவரு,” என்றாள் பேராச்சி. மார்கழியில் பிறந்த பிள்ளையை மருத்துவச்சி எடுத்துக்கொண்டு போய், பிள்ளை இல்லாத ஒரு பீடிக்காரியிடம் கொடுத்தாள். ஊருக்கெல்லாம் தெரிந்தது, வைகுண்டத்தின் அய்யா அப்போது தலைவர், ஊர் வாயை மூடிக்கொண்டது.

“பங்குனி வந்துச்சு. எட்டாம் நாள் எல்லாரும் அவுத்துக்கிட்டு நின்னாக. நான் ஒண்ணக் கட்டுனேன். ஒனக்குப் பேரு வைக்கலல்லா, அதான் பேரு சொல்லாமலே கட்டுனேன். என்னைக்காவது ஒருநா இந்த வழியா வருவ. வந்தா போகக் கூடாது.”

தாய் கிடைத்த சந்தோசம் ஒருபக்கம் இருக்கத்தான் செய்தது, அதைப் பொய் சொல்லக் கூடாது. அந்தக் கைகளைப் பார்த்தால் தன் கைகள் மாதிரியே இருந்தன, அதே குட்டை விரல்கள். ஆனால் கோபம் அதைவிட வேகமாக வந்தது.

“எலிக்குப் பொறி வச்ச மாதிரி வச்சிருக்கீங்க.”

“ஆமா.”

“அவுத்து விடுங்க. எம்மவ பிள்ளத்தாச்சி. தனியாக் கெடக்கா.”

“மாட்டேன்,” என்றாள் பேராச்சி. “நாப்பத்திரெண்டு வருசம் இந்த அடுப்ப ஊதிக்கிட்டு இருந்தேன். இப்ப ஒஞ் சத்தம் இந்த அடுப்படிக்குக் கேக்கு. நீ என்னத் திட்டு, அடி. ஒஞ் சத்தந்தான் எனக்கு வேணும். அவுத்தா போயிருவ.”

“அப்ப எம்மவ?”

“இங்க வரச்சொல்லு. இங்கன பெறட்டும். நான் பாத்துக்கிடுதேன்.”

உலகம்மாளும் முதலில் அதுதான் வழி என்று நினைத்தாள், ஒரு ராத்திரி நிம்மதியாகத் தூங்கக்கூடச் செய்தாள். மறுநாள் காலையில் தெருவுக்கே செய்தி தெரிந்திருந்தது. பெண்கள் சிரித்த முகத்தோடு வந்தார்கள், ஒருத்தி தொட்டில் தருகிறேன் என்றாள், ஒருத்தி பழைய வேட்டித்துணி தருகிறேன் என்றாள், பூசாரி சங்கிலி மனம் குளிர்ந்து, “நம்ம மண்ணுல இன்னொரு உசுரு. வார பங்குனிக்கு நூலு ஒண்ணு கூட வாங்கணும்,” என்றார். உலகம்மாளுக்குத் தூக்கம் கலைந்தது. பிறக்கிற பிள்ளைக்கும் பேராச்சிதான் நூல் கட்டுவாள், அதை அவிழ்ப்பாளா? பிள்ளை போனால் பேத்தி மதியும் போவாள் என்று தெரிந்தவள் எந்தக் கையால் அவிழ்ப்பாள்? இந்த மண்ணில் விழுகிற எதையும் அவள் கட்டிவிடுவாள்.

அன்றைக்கே போன் போட்டாள். “மதி, நீ இங்க வராத. எந்த ஆஸ்பத்திரிக்கு வேணும்னாலும் போ. இங்க மட்டும் வராத.”

“நீயும் வரமாட்ட, நானும் வரக் கூடாது. அப்ப எனக்குன்னு யாரும்மா இருக்கா?” என்றாள் மதிவதனி. போனை வைத்துவிட்டாள். இரண்டு வாரம் எடுக்கவில்லை. அந்தக் கேள்வியைத்தான் உலகம்மாள் முதல் மாதம் முழுக்க வீடு வீடாகக் கேட்டிருந்தாள். இப்போது அது அவள் வீட்டு வாசலிலேயே வந்து நின்றது.

புரட்டாசியில் ஒரு புதன்கிழமை, உச்சிவேளைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு ஆட்டோ குளத்துக்கரை ரோட்டில் வந்தது. நாள் இருக்கிறது என்று நம்பி, அம்மாவைப் பார்த்தே தீருவது என்று வைராக்கியமாகக் கிளம்பிய மதிவதனிக்கு வழியிலேயே வலி எடுத்துவிட்டது. கோயில் பக்கம் நின்ற உலகம்மாள் தூரத்திலேயே மகளைப் பார்த்தாள். ரோட்டின் நடுவில் வந்து, மைக் வேண்டாத தொண்டையைத் திறந்து, “நிறுத்துய்யா வண்டிய!” என்றாள். டிரைவர் பயந்து பிரேக் போட்டான். கல்லுக்கு அந்தப் பக்கம் பத்தடியில் ஆட்டோ நின்றது.

“அம்மா, முடியலம்மா,” என்றாள் மதிவதனி உள்ளேயிருந்து.

“உள்ள வராத. திருப்பச் சொல்லு. ஆஸ்பத்திரிக்குப் போ.”

“நீ வாம்மா!”

உலகம்மாள் ஓடினாள், ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து ஓடினாள், உட்கார்ந்திருந்தாள். முழங்காலில் தோல் பிய்ந்து ரத்தம் வந்தது. அதற்குள் தெரு கூடிவிட்டது. திருவிழா நாள் இல்லை, ஊர்ப் பெண்கள் தாராளமாகக் கல்லைத் தாண்டிப் போய் ஆட்டோவைச் சூழ்ந்துகொண்டு, “ஆஸ்பத்திரி பதினெட்டு மைலு, தாங்காது, எறக்குங்கட்டி, உள்ள தூக்கிருவோம்,” என்று மதிவதனியின் தோளுக்கடியில் கை கொடுத்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை அவர்களுக்கு. உலகம்மாள் கல்லுக்கு இந்தப் பக்கம் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். “எம்மவள விடுங்கட்டி! ஒரு எட்டு உள்ள வச்சீங்கன்னா கொல விழும்!”

மதிவதனி அலறினாள். அடிவயிற்றிலிருந்து வந்த சத்தம், குளத்தில் நின்ற கொக்குகள் எழும்பிவிட்டன. தூக்குச்சட்டியோடு கூட்டத்துக்குப் பின்னால் வந்து நின்ற பேராச்சிக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவளுக்கு வலி வந்த நாளில் வாயில் துணியை வைத்து அடைத்திருந்தார்கள், அடுத்த வீட்டுக்குக் கேட்டுவிடக் கூடாது என்று அவள் அய்யாவே கதவருகில் உட்கார்ந்திருந்தார். பிள்ளை பெறுகிறவள் நடுரோட்டில் இவ்வளவு சத்தமாகக் கத்தலாம் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரியும். சட்டியைக் கீழே வைத்தாள். சூலத்தைப் பார்த்து நடந்தாள்.

டீக்கடையிலிருந்து வைகுண்டம் எழுந்துவிட்டார். “அக்கா,” என்றார்.

அவள் கை முடிச்சில் பட்டது. பூசாரி சங்கிலிதான் முதலில் முதுகைக் காட்டித் திரும்பினார். பார்த்தால் தெரிந்ததாகிவிடும், தெரிந்தால் பேசியாக வேண்டும்; பார்க்காவிட்டால் நாளைக்கும் ஊர் ஊராக இருக்கலாம். அவரைப் பார்த்து டீக்கடைக்காரர் திரும்பினார், துரைப்பாண்டி திரும்பினான், ஆட்டோவைச் சூழ்ந்த பெண்கள் கையை எடுத்துக்கொண்டு திரும்பினார்கள், கடைசியாக வைகுண்டமும் திரும்பிக்கொண்டார். பட்டப்பகலில் ஒரு ஊர் முழுக்க முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது இரக்கமா கோழைத்தனமா என்று கேட்டால் இரண்டும்தான். நாற்பத்திரண்டு வருசத்து முடிச்சு சுலபத்தில் இளகவில்லை, பேராச்சி குனிந்து பல்லால் கடித்தாள்.

உலகம்மாள் அப்போதும் கல்லை மோதிக்கொண்டுதான் இருந்தாள். எத்தனையாவது தடவையோ, ஓடின வேகத்தில் கால் நிற்கவில்லை. கல்லைத் தாண்டி, பத்தடியும் தாண்டி, ஆட்டோக் கம்பியில் நெற்றி இடித்து நின்றாள். மகள் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உலகம்மாள் உள்ளே ஏறி மதியின் தலையை மடியில் வாங்கிக்கொண்டு, “எடுய்யா வண்டிய, எடு,” என்றாள். டிரைவர் ஆட்டோவைத் திருப்பினான்.

திருப்பின வண்டிக்கு முன்னால் பேராச்சி நின்றாள். நடந்துதான் வந்திருந்தாள். கல் அவளை ஒன்றும் செய்யவில்லை. வருசத்தில் அந்த எட்டு நாள் தவிர மற்ற எந்த நாளும் அது அவளை ஒன்றும் செய்திருக்காது, அவள்தான் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை. உலகம்மாள் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கிற அளவுக்கு மனம் இன்னும் ஆறவில்லை. பக்கத்தில் இருந்த பையை மட்டும் எடுத்துக் காலடியில் போட்டாள். அந்த இடத்தில் பேராச்சி ஏறி உட்கார்ந்தாள்.

“அக்கா, எங்க போற?” என்று வைகுண்டம் கேட்டார், திரும்பாமலே.

“எம்மவ வீட்டுக்கு,” என்றாள் பேராச்சி.

அவளும் கொஞ்சம் சத்தமாகத்தான் சொன்னாள். முதுகைத் திருப்பிக்கொண்ட ஊருக்குக் காதைத் திருப்பிக்கொள்ள வழி தெரியவில்லை, அத்தனை பேருக்கும் கேட்டது.